அச்சம் சான்றாகாது: பெருந்தொற்றுக் காலமும் கருவிழி மாற்றுச் சிகிச்சையும்



கொவிட்-19 பெருந்தொற்று தணிந்து ஆண்டுகள் சில கடந்துவிட்டன. ஆயினும் அக்காலத்தில் விழுந்த சில அச்சங்கள் இன்னும் நம் வீடுகளில் வேரோடி நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, இறந்தவரின் கண்ணிலிருந்து பெறப்படும் கருவிழியைப் பற்றியது. "கொள்ளைநோய் பரவும் காலத்தில் மௌத்தானவரின் கண்ணை உயிரோடிருப்பவருக்குப் பொருத்துவதா? நோயையே எடுத்துக் கண்ணில் தைப்பதாகாதா?" என்று கேட்போர் உளர். "இதற்காகத்தான் மார்க்கம் மையித்தின் மீது கைவைக்க வேண்டாம் என்கிறது" என அந்த அச்சத்துக்கு மார்க்கச் சாயம் பூசுவோரும் உளர். முதற்கூற்று மருத்துவம் கண்டறிந்தவற்றுக்கு முரணானது. இரண்டாவது, மார்க்க அறிஞர் எவரும் முன்வைக்காத காரணத்தை மார்க்கத்தின் வாயில் வைப்பது. இரண்டையும் இங்கு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

அஞ்சியதற்குக் காரணம் இருந்தது

கண்ணின் முன்புறத்தில் மணிக்கூட்டுக் கண்ணாடி போல் அமைந்துள்ள ஒளிபுகும் படலத்தை மருத்துவ நூல்கள் விழிவெண்படலம் என்கின்றன. பேச்சுவழக்கில் அதுவே கருவிழி. அதன் நடுப்பகுதியின் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். குறுக்களவு பதினொன்று அல்லது பன்னிரண்டு மில்லிமீற்றர். அதில் இரத்த நாளங்கள் இல்லை. தனக்கு வேண்டிய ஒட்சிசனை அது பெரிதும் கண்ணீர்வழியே காற்றிலிருந்து பெறுகிறது. இரத்த ஓட்டம் இல்லாமையாலேயே ஒருவருடைய கருவிழியை மற்றொருவரின் உடல் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. 1905 டிசம்பரில் ஒலோமோட்ஸ் நகரில் எட்வர்ட் ஸிர்ம் என்ற மருத்துவர் மனிதக் கருவிழியை முதன்முதலாக வெற்றியுடன் மாற்றிப் பொருத்தினார். சிறுநீரகமும் இதயமும் மாற்றப்படுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது.

2020இன் தொடக்கத்தில் இச்சிகிச்சையைப் பற்றி எழுந்த ஐயம் அறிவீனமான ஐயமன்று. கொரோனா வைரஸ் மனித உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏற்பிகள் கண்ணின் மேற்பரப்பிலும் காணப்படுகின்றன. நோயாளர் சிலரின் கண்ணீரில் வைரஸின் மரபுப்பொருள் கண்டறியப்பட்டது. நோயைப் பற்றி முதன்முதலில் சக மருத்துவர்களை எச்சரித்தவர்களுள் ஒருவரான வூஹான் நகர மருத்துவர் லீ வென்லியாங் ஒரு கண் மருத்துவரே. 2019 டிசம்பர் 30இல் எச்சரித்தமைக்காக அவர் பொலிஸாரால் கண்டிக்கப்பட்டார். பின்னர் அதே நோய்க்கு ஆளாகி 2020 பெப்ரவரி 7இல் மரணமானார். இவ்வளவும் அறிந்தபின் கண் வங்கிகள் தயங்கி நின்றது நியாயமே. 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் பல நாடுகளில் கருவிழி சேகரிப்பு நிறுத்தப்பட்டது அல்லது பெரிதும் குறைக்கப்பட்டது. அறியாத நோயின் முன் நின்று நிதானித்ததை எவரும் குறைகூற இயலாது.

நான் மறுப்பது அந்த நிதானத்தையன்று. சான்றுகள் வந்தபின்பும் அதே இடத்தில் நின்று, ஆரம்பகால ஐயத்தை நிலையான உண்மையென ஓதிக்கொண்டிருப்பதையே மறுக்கிறேன்.

சான்றுகள் என்ன கூறின?

கொவிட் நோயால் இறந்தோரின் கண் இழையங்களை ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். சிலவற்றில் வைரஸின் மரபுப்பொருள் இருந்தது, பெரும்பாலானவற்றில் இல்லை. மரபுப்பொருள் காணப்படுவதும் நோயைப் பரப்பவல்ல வைரஸ் உயிர்ப்புடன் இருப்பதும் ஒன்றல்ல. நெருப்பு அணைந்த அடுப்பிலும் சாம்பல் இருக்கும். சாம்பலைக் கண்டு வீடு பற்றி எரிகிறது என்று கூவுவது முறையாகாது. ஆயினும் கண் வங்கிகள் இந்த வேறுபாட்டை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. பாதுகாப்பைப் பல படிகளாக அமைத்தன.

முதற்படி, கொடையாளரைத் தெரிவுசெய்தல். கொவிட் நோயால் இறந்தவர்களும், இறப்புக்கு முந்திய நாட்களில் அந்நோயின் அறிகுறிகளுடன் இருந்தவர்களும், நோயாளருடன் நெருங்கிப் பழகியவர்களும் விலக்கப்பட்டனர். இரண்டாம் படி, பரிசோதனை. பல நாடுகளில் இறந்தவரின் மூக்கு, தொண்டைப் பகுதியிலிருந்து மாதிரி எடுத்து பி.சி.ஆர். சோதனை செய்யப்பட்டது. மூன்றாம் படி, பொவிடோன் அயடின் கரைசலால் கண்ணைக் கழுவுதல். இது கண் வங்கிகளில் நெடுங்காலமாக உள்ள நடைமுறை. இக்கரைசல் கொரோனா வைரஸைச் செயலிழக்கச் செய்வதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின. நான்காம் படி, கால அவகாசம். தகுந்த ஊடகத்தில் குளிர்பதனம் செய்த கருவிழியை இரு வாரங்கள்வரை பேணலாம். சோதனை முடிவு வரும்வரை காத்திருக்க அது போதுமானது. குளிரில் வைத்தாலே வைரஸ் அழிந்துவிடும் என்று எவரும் வாதிடவில்லை; அதனாலேயே ஏனைய படிகள் வைக்கப்பட்டன.

இவற்றின் விளைவு என்ன? பெருந்தொற்று ஆண்டுகளிலும் பல்லாயிரக்கணக்கான கருவிழி மாற்றுச் சிகிச்சைகள் உலகெங்கும் நடைபெற்றன. பொருத்தப்பட்ட கருவிழியின் வழியாகக் கொவிட் தொற்றியதாக உறுதிப்படுத்தப்பட்ட நிகழ்வு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அச்சத்தை விதைப்போர் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் கூறிவிட்டு மேலே பேசட்டும்.

உண்மையில் அக்காலத்தில் நோயாளரை அச்சுறுத்திய ஆபத்து கண்ணாடிக் குப்பியில் இருந்த இழையத்திலன்று. மூச்சு முட்ட நிரம்பிய காத்திருப்பு மண்டபத்தில் இருந்தது. லீ வென்லியாங்கும் உயிருடன் சிகிச்சைக்கு வந்த நோயாளி ஒருவரிடமிருந்தே நோயைப் பெற்றதாக நம்பினார். முகக்கவசமின்றித் திருமண வீடுகளில் கூடியவர்கள், கருவிழி மாற்றைக் கண்டு நடுங்கினார்கள் என்றால், அந்த நடுக்கத்தின் பெயர் எச்சரிக்கையன்று.

கடந்தகாலம் கற்றுத்தந்த அளவுகோல்

"கருவிழி மாற்றினால் எந்த நோயும் ஒருபோதும் பரவாது" என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவதும் பொய்யாகும். 1974இல் வெளியான மருத்துவ அறிக்கை ஒன்று, மூளையைச் சிதைக்கும் கிரொய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் கருவிழியின் வழியே சென்றதை எடுத்துக்காட்டியது. 1978இல் அமெரிக்காவில் ஒரு பெண்மணி, விசர்நாய்க்கடி நோயால் இறந்தவர் என அறியப்படாத ஒருவரின் கருவிழியைப் பெற்று, அந்நோயாலேயே உயிரிழந்தார். பின்னர் வேறு நாடுகளிலும் இத்தகைய துயரங்கள் நிகழ்ந்தன.

மருத்துவ உலகம் இவற்றை மறைக்கவுமில்லை. இவற்றைக் காட்டிச் சிகிச்சையை ஒழித்துவிடவுமில்லை. காரணம் தெரியாத மூளை நோயால் இறந்தவர்களின் கண்களை ஏற்பதில்லை என விதி செய்தது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளைக் கொண்டுவந்தது.

எச்.ஐ.வி. பரவத் தொடங்கிய 1980களிலும் இன்று கேட்கும் அதே குரல்கள் ஒலித்தன. கண்ணீரில் வைரஸ் இருக்கிறது, ஆகவே கருவிழி வேண்டாம் என்றார்கள். தமக்குத் தொற்று இருந்தமை பின்னரே அறியப்பட்ட கொடையாளரின் கருவிழிகளைப் பெற்ற சிலர் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுக்கு நோய் தொற்றியிருக்கவில்லை. கருவிழி மாற்றின் வழியாக எச்.ஐ.வி. பரவியதாக இன்றுவரை ஒரு நிகழ்வும் ஆவணப்படுத்தப்படவில்லை. அன்று குரலெழுப்பியவர்களின் சொல்லைக் கேட்டுக் கண் வங்கிகளை மூடியிருந்தால், இந்த நான்கு தசாப்தங்களில் பார்வை பெற்றவர்களின் கணக்கு என்னவாகியிருக்கும்?

எது ஆபத்து, எது ஆபத்தன்று என்பதை நோயின் பெயரோ அதன் பயங்கரமோ தீர்மானிப்பதில்லை. ஆராய்ந்து அறிந்ததே தீர்மானிக்கிறது. விசர்நாய்க்கடி நோய்க்கு ஒரு தீர்ப்பு, எச்.ஐ.வி.க்கு மற்றொரு தீர்ப்பு, கொவிட்டுக்கு வேறொரு தீர்ப்பு. இனி வரவிருக்கும் நோய்க்கு அதற்குரிய தீர்ப்பு அந்நேரத்தில் ஆராய்ந்தே எழுதப்பட வேண்டும்.

"கண்தானே, பொறுத்திருக்கட்டும்"

"உயிர் போகும் காரியமன்றே, தொற்று முற்றாக ஓய்ந்தபின் செய்துகொள்ளலாம்" என்பது நயமாகப் பேசுவோரின் வாதம். சில கண்களுக்கு இது பொருந்தும். எல்லாக் கண்களுக்கும் பொருந்தாது.

வயலில் நெல் அறுக்கும் விவசாயியின் கண்ணை நெற்தாளின் நுனி கீறுகிறது. காயத்தில் பூஞ்சணம் பற்றுகிறது. வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாடுகளில் இத்தகைய கருவிழிப் புண்கள் மிகுதி. மருந்துக்கு அடங்காத புண், நாட்கணக்கில் கருவிழியைத் தின்று துளையிட்டுவிடும். அந்த நிலையில் நோயுற்ற பகுதியை அகற்றி வேறு கருவிழியை வைக்காவிட்டால் பார்வை மட்டுமன்று, கண்ணே போய்விடும். இந்த விவசாயியிடம் பெருந்தொற்று முடியும்வரை காத்திருக்கச் சொல்வதற்கு எவருக்கு உரிமை உண்டு?

பிறவியிலேயே கருவிழி மங்கிய குழந்தையை எண்ணிப் பாருங்கள். பார்க்கக் கற்றுக்கொள்வது கண் மட்டுமன்று, மூளையும்தான். கற்கும் பருவத்தில் ஒளி சென்று சேராவிட்டால், பின்னர் எத்துணைத் தெளிந்த கருவிழியைப் பொருத்தினாலும் இழந்த பார்வை முழுமையாகத் திரும்புவதில்லை. ஓரிரு ஆண்டுத் தாமதம் நமக்கு ஒரு செய்தி. அக்குழந்தைக்கு அது வாழ்நாள்.

சேகரிப்பு முடங்கிய மாதங்களில் சத்திரசிகிச்சை நிபுணர் சிலர் கிளிசரினில் பேணப்பட்ட பழைய கருவிழிகளைக் கொண்டு துளைபட்ட கண்களை மூடிக் காத்தனர். அத்தகைய இழையம் கண்ணைக் காக்கும். ஆனால் தெளிந்த பார்வையைத் தருவது அரிது. இருப்பதைக் கொண்டு போராடிய அம்மருத்துவர்களுக்கு நாம் நன்றியுடையோம். அவர்கள் கை ஏன் வெறுமையாக இருந்தது என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் தாமதிக்கச் சொன்னவர் அல்லர்.

அச்சம் சட்டமானால் என்னவாகும் என்பதை நாம் அறிவோம்

இலங்கை முஸ்லிம்களாகிய நமக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல், கொவிட்டால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுறும் என்பது கூறப்பட்ட காரணம். நல்லடக்கமும் செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலாக இருந்தது. நம் மண்ணிற் பிறந்து உலகறிந்த வைரஸ் ஆய்வாளரான பேராசிரியர் மலிக் பீரிஸ், இந்நோய் நீர்வழி பரவுவதன்று என்றும், உயிருள்ள அணுவுக்குள் மட்டுமே வைரஸ் பெருக இயலும் என்றும் எடுத்துரைத்தார். கேட்பார் இல்லை. இருநூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2020 டிசம்பரில் பிறந்து இருபதே நாட்களான பச்சிளங் குழந்தையும் அத்தீயிலிருந்து தப்பவில்லை. 2021 மார்ச் மாதத்தில்தான் ஓட்டமாவடி மண்ணில் நல்லடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்தவை எரிந்தவையே.

அன்று நாம் கேட்டது சலுகையையன்று, சான்றை. "புதைப்பதால் நோய் பரவுகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டோம். நியாயமான கேள்வி அது. அதே கேள்வியை இன்று நம்மை நோக்கித் திருப்புவதற்கு நாம் கூச வேண்டுமா? பொருத்தப்பட்ட கருவிழியால் கொவிட் பரவியது என்பதற்கு ஆதாரம் எங்கே? பிறர் நம் மீது சுமத்திய ஆதாரமற்ற அச்சத்தை அநீதி என்றோம். நாம் ஒரு பார்வையற்றவர் மீது சுமத்தும் ஆதாரமற்ற அச்சத்துக்கு வேறு பெயர் சூட்ட இயலாது.

இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு என்பதையும் கூறிவிடுகிறேன். அடக்கம் செய்யப்படும் உடலில் உயிரணுக்கள் அழிந்துபோகின்றன. கருவிழியோ அதன் உயிரணுக்கள் உயிருடன் இருப்பதனாலேயே எடுக்கப்படுகிறது. ஆகவேதான் மண்ணுக்குத் தேவைப்படாத பரிசோதனை கருவிழிக்குத் தேவைப்பட்டது. அந்தப் பரிசோதனை நடந்தது. அதன்பின்னும் மறுப்பதற்கு என்ன எஞ்சியிருக்கிறது?

மார்க்கத்தின் பெயரால் பேசுவோரிடம்

மையித்தின் கண்ணியத்தை முன்வைத்து உறுப்புத் தானத்தை மறுக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். இறந்தவரின் எலும்பை முறிப்பதைக் கண்டிக்கும் நபிமொழியை அவர்கள் ஆதாரமாகக் கொள்கின்றனர். இந்தியத் துணைக்கண்டத்து அறிஞர்களிடையே இக்கருத்து வலுவாக உண்டு. அவர்களின் ஆய்வுக்கு உரிய மரியாதையை நாம் அளிக்கிறோம். மறுபுறம், எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைக் ஹஸன் மஃமூன் 1959இலேயே இறந்தோரின் கருவிழியைப் பயன்படுத்த அனுமதித்தார். சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர் பேரவை 1982இலும், இஸ்லாமிய நாடுகளின் அமைப்பைச் சார்ந்த ஃபிக்ஹ் பேரவை 1988இலும் நிபந்தனைகளுடன் உறுப்பு மாற்றை ஆகுமாக்கின. ஆக, இது அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு. எவரும் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம்.

ஆனால் அந்த விவாதம் கண்ணியத்தையும் அனுமதியையும் பற்றியது, தொற்றைப் பற்றியதன்று. "நோய் பரவும், ஆகவே ஹராம்" என்பது எவருடைய ஃபத்வாவும் அன்று. வாட்ஸ்அப்பில் வந்த வதந்திக்குத் தலைப்பாகை கட்டி மிம்பரில் ஏற்றக் கூடாது. வந்த செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்ற ஒழுக்கத்தை ஸூரத்துல் ஹுஜுராத்தில் கற்ற சமூகம் நாம். ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் தாமாக எதையும் முடிவுசெய்யவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், அன்ஸாரிகளைக் கேட்டார்கள், குறைஷி முதியோரைக் கேட்டார்கள். திரும்பிச் செல்வதென முடிவெடுத்த பின்னர், அதற்கிசைந்த நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தபோது அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் முஸ்லிம் ஒருவர் நடந்துகொள்ள வேண்டிய முறை இதுவே: அறிந்தவரைக் கேட்பது, அறிந்தபின் துணிவது.

இன்னொன்றையும் நாம் எதிர்கொண்டாக வேண்டும். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய இலங்கை கண்தான சங்கம், 1964இல் சிங்கப்பூருக்குக் கருவிழி அனுப்பியதிலிருந்து இன்றுவரை உலகின் பல நாடுகளுக்கு அனுப்பி வருகிறது. பாகிஸ்தானில் மட்டும் பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள், பெரும்பாலும் பௌத்தர்களான நம் நாட்டவர் விட்டுச்சென்ற கருவிழிகளால் திருக்குர்ஆனைப் பார்த்து ஓதுகின்றனர். பெறும்போது எழாத மார்க்க ஐயமும் தொற்றச்சமும் கொடுக்கும்போது மட்டும் எழுவது ஏன்? 2012ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்து 2016இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று, 12.7 மில்லியன் மக்கள் கருவிழிக்காகக் காத்திருந்ததாகவும், எழுபது பேருக்குத் தேவைப்படும் இடத்தில் ஒன்றே கிடைத்ததாகவும் கணக்கிட்டது. அந்த வரிசையில் நம்மவர் எத்தனை பேர், கொடுத்தோர் பட்டியலில் நம்மவர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு மஹல்லாவும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

கொடுப்பது ஆகும் எனத் தெளிந்தவர் தம் விருப்பத்தைக் குடும்பத்தாரிடம் உயிருடன் இருக்கும்போதே கூறிவைக்கட்டும். இறந்து சில மணி நேரத்துக்குள் கருவிழி எடுக்கப்பட வேண்டும். அப்போது விவாதிக்க நேரமிராது. கருவிழியை மட்டும் எடுப்பதற்கு அரை மணி நேரமும் தேவைப்படாது. முகத்தோற்றம் சிதையாது. குளிப்பாட்டலும் கபனும் நல்லடக்கமும் தாமதமடைய வேண்டியதில்லை.

குடும்பத்தாருக்கு மற்றோர் அமானிதமும் உண்டு. இறந்தவருக்கு இறுதி நாட்களில் காய்ச்சல் இருந்ததா, நாய் கடித்ததா, நோயாளருடன் பழகினாரா என்று கேட்கும்போது உள்ளதை உள்ளபடி கூற வேண்டும். ஆய்வுகூடம் ஒரு காவல். உண்மை பேசும் நா அதற்கும் முந்திய காவல். நற்பெயர் கெடும் என்று நோயை மறைப்பவர், கருவிழி மாற்றுக்கு அஞ்சுபவரைவிடப் பெரிய தீங்கைச் செய்கிறார்.

கொடுக்க விரும்பாதவரை எவரும் வற்புறுத்த இயலாது; வற்புறுத்தவும் கூடாது. ஆனால் அவர் தம் விருப்பமின்மைக்குப் பெருந்தொற்றைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். அது பொய்ச் சாட்சி. அதனால் வழக்கிழப்பவர், தன் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்க்கக் காத்திருக்கும் ஓர் ஏழை.

மற்றொரு கொள்ளைநோய் வரலாம். அன்றும் முதல் சில வாரங்கள் இருளாகவே இருக்கும். அறிவு வரும்வரை நிதானிப்போம். அறிவு வந்தபின் அதற்குப் பணிவோம். பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்பவராகவும், தாம் மதீனாவை விட்டுச் சென்றபோது தம் பிரதிநிதியாகவும் நியமித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். பார்வையற்றவரின் தேவையை எல்லாவற்றுக்கும் இறுதியில் வைக்கும் பழக்கம் நமக்கு ஆகாது.

சத்தியத்தைச் சத்தியமென அறிந்து அதைப் பின்பற்றும் துணிவையும், வதந்தியை வதந்தியென அறிந்து அதை விட்டொதுங்கும் தெளிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.